வேல்ஸில் பெண்கள் கிளைக் கூட்டத்துக்குப் போவது எப்படி? புதிதாக வந்த தமிழ்ப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

'மெர்ஹெட் அ வௌர்' (Merched y Wawr) என்பது வேல்ஸ் முழுக்கக் கிளைகள் வைத்திருக்கும் பெண்கள் அமைப்பு. கூட்டம், பாட்டு, கணக்கு வழக்கு, அரட்டை எல்லாமே வெல்ஷ் மொழியில்தான். வேலைக்காக அபெரிஸ்ட்வித், பங்கோர், கார்மார்தன் பக்கம் வந்து சேர்ந்து, பக்கத்து வீட்டுக்காரரோடு மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கும் நம் பெண்களுக்கு, ஊர் மனுஷிகளோடு பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எங்கே, எப்போது, எப்படிப் போவது என்று தமிழில் சொல்ல ஆளில்லாமல் நான் நிறையவே அலைந்தேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள், வரிசை முக்கியம்.

1. தகுதி, ஆவணம்

முதலில் ஒரு பயத்தைக் கழற்றி வையுங்கள். வெல்ஷ் பாட்டி யாராவது இருந்தாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா நகல் எதுவும் வேண்டாம். அங்கே பிறந்த பெண்களுக்கு மட்டும் என்ற விதி கிடையாது. வெல்ஷ் பேசுகிறவர்களும் கற்கிறவர்களும் சேரலாம். கணவரின் விசாவில் வந்திருந்தாலும், படிக்க வந்திருந்தாலும் இதே கதைதான்.

சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். பெயர், முகவரி, அஞ்சல் குறியீடு, தொலைபேசி, மின்னஞ்சல், விவரங்களை வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். அஞ்சல் குறியீட்டைச் சரியாக எழுதுங்கள். அமைப்பின் பத்திரிகை ஆண்டுக்கு நான்கு முறை வரும். வாடகை வீடு மாறிவிட்டுச் சொல்லாமல் இருந்தால் அது பழைய வீட்டு வாசலில் கிடக்கும்.

2. எந்த மாதத்தில் தொடங்குவது

செப்டம்பர். இங்கே ஆண்டு என்பது பள்ளி ஆண்டுதான். பெரும்பாலான கிளைகள் செப்டம்பரில் தொடங்கி மே, ஜூன் வரை மாதம் ஒருமுறை கூடும். ஜூலை, ஆகஸ்டில் கதவு பூட்டியிருக்கும். கோடையில் வந்து இறங்கியவர்கள் அந்த இரண்டு மாதமும் ஆள் தேடிவிட்டு, இந்த ஊரில் கிளையே இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், செப்டம்பர் முதல் வாரத்தில் மறுபடி விசாரியுங்கள்.

ஜனவரியில் வந்தால்? தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த ஆண்டின் நிகழ்ச்சிகள் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். மார்ச் முதல் தேதி புனித டேவிட் நாள் விருந்துக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளும் கடந்திருக்கலாம்.

3. கிளையைக் கண்டுபிடிப்பது

அமைப்பின் தலைமையகம் அபெரிஸ்ட்வித்தில் இருக்கிறது. அவர்களிடம் உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லி, பக்கத்துக் கிளை எது, செயலாளர் யார் என்று கேட்பதுதான் நேர்வழி. இணையத்தில் எங்கோ கிடைக்கும் பழைய பட்டியலை நம்பாதீர்கள். செயலாளர்கள் எல்லாரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு பட்டியலில் இருந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு நான் வாரக்கணக்கில் காத்திருந்தேன். அந்தம்மா பொறுப்பை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

இன்னொரு வழி 'பப்பிர் ப்ரோ' (papur bro). ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வெல்ஷ் மொழியில் வரும் உள்ளூர் மாதப் பத்திரிகை அது. கார்டிஃபில் 'அ தினெஸித்', லாம்பீட்டர் பக்கம் 'க்ளோங்க்', பெதெஸ்டா பள்ளத்தாக்கில் 'ஹ்லைஸ் ஒக்வன்'. ஊர்க் கடைகளில் கிடைக்கும், விலையும் கொஞ்சம்தான். மொழி புரியாவிட்டாலும் வாங்குங்கள். கிளையின் பெயரைத் தேடினால் போன மாதம் என்ன நடந்தது, அடுத்தது எப்போது, எங்கே என்று ஒரு பத்தி இருக்கும். அதை மொழிபெயர்ப்புச் செயலியில் படம் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இணையத்தைவிட இந்தப் பத்திரிகைதான் அதிகம் உதவியது.

வேலைக்குப் போகிற, வயதில் இளைய பெண்களுக்காக 'க்வௌர்' என்ற பெயரில் தனிக் குழுக்களும் உண்டு. கிளைகளில் பெரும்பாலும் நம் அம்மா, பாட்டி வயதுக்காரர்கள். நான் கிளையைத்தான் சொல்வேன். பகலில் ஓய்வாக இருப்பவர்கள், பேச நேரம் உள்ளவர்கள், உங்கள் தப்பு வெல்ஷைப் பொறுமையாகக் கேட்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

4. நிகழ்ச்சி அட்டையைப் படிப்பது

செப்டம்பரில் பல கிளைகளில் ஒரு சின்ன மடிப்பு அட்டை தருவார்கள். ஆண்டு முழுக்க என்ன தேதி, யார் பேச்சாளர், எந்த மாதம் யார் தேநீர் பொறுப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது சில இடங்களில் சறுக்கும்:

'மவ்ர்த்' (Mawrth) என்றால் செவ்வாய்க்கிழமை. மார்ச் மாதமும் அதே சொல்தான். முன்னால் 'நோஸ்' (nos) என்று இருந்தால் அது கிழமை, செவ்வாய் இரவு என்று அர்த்தம். அப்போது சொல்லின் முதலெழுத்தும் மாறி 'வவ்ர்த்' (Fawrth) ஆகிவிடும்.

ஊர்ப் பெயரும் இப்படியே மாறும். பங்கோரில் என்று எழுதும்போது 'மங்கோர்' (Mangor) ஆகும். டொல்கெஹ்லை (Dolgellau) என்ற ஊர் 'நொல்கெஹ்லை' (Nolgellau) ஆகும். அட்டையில் உள்ளபடியே வரைபடச் செயலியில் போட்டால் அப்படி ஓர் ஊரே இல்லை என்று சொல்லும், அல்லது வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகும்.

இடத்தின் பெயரும் ஒரு பொறி. கூட்டங்கள் பெரும்பாலும் ஊர்ப் பொது மண்டபத்திலோ, தேவாலயத்தை ஒட்டிய 'வெஸ்ட்ரி' என்ற கூடத்திலோ நடக்கும். பெத்தெல், சீயோன், எபெனேசர் என்று பெயர் வைத்த தேவாலயங்கள் வேல்ஸில் ஊருக்கு ஊர் உண்டு. பெத்தெல் என்ற பெயரில் ஊர்களே இருக்கின்றன. கிராமத்து அஞ்சல் குறியீடு ஒன்று பல பண்ணைகளைச் சேர்த்துக் குறிக்கும் என்பதால் அதையும் முழுதாக நம்ப முடியாது. ஆகவே முதல் தடவை போகுமுன் பகல் வெளிச்சத்தில் இடத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும்.

5. போகும் முன் எவ்வளவு வெல்ஷ் தெரிய வேண்டும்

தேர்வு எதுவும் கிடையாது. ஆனால் ஒன்றுமே தெரியாமல் போய் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அல்லது உங்களுக்காக மேஜை மொத்தமும் ஆங்கிலத்துக்கு மாறும். அது மரியாதைக்காகச் செய்வது. ஆனால் வெல்ஷ் பேசுவதற்கென்றே அவர்கள் வைத்திருக்கும் மாலை அது.

குறைந்தபட்சம் 'மனெட்யட்' (Mynediad) என்ற முதல் நிலை வகுப்பில் சில வாரங்கள் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். தேசிய வெல்ஷ் கற்றல் மையத்தின் வகுப்புகள் நேரிலும் இணைய வழியிலும் நடக்கின்றன. பெரும்பாலானவை செப்டம்பர் கடைசியில் தொடங்கும், சில ஜனவரியில். 16 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கு இலவசம். மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டணம் உண்டு; முன்கூட்டியே பதிந்தால் தள்ளுபடி கிடைக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் பணியிட வெல்ஷ் வகுப்பு இருக்கிறதா என்று மேலாளரிடம் கேளுங்கள். யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

பதியும்போது வடக்கு, தெற்கு என்று இரண்டு வகைப் பாடம் இருக்கும். நீங்கள் வசிக்கும் பக்கத்தையே எடுங்கள். தேநீர் மேஜையில் பால் கேட்கும்போதே இந்த வித்தியாசம் வந்து நிற்கும். வடக்கில் 'ஹ்லெவ்ரித்', தெற்கில் 'ஹ்லைத்'.

கையில் வைத்திருக்க வேண்டியவை நாலே வாக்கியம். 'நொஸ்வைத் தா' (மாலை வணக்கம்). 'தூ ஈன் டஸ்கி கம்ரைக்' (நான் வெல்ஷ் கற்கிறேன்). 'அன் அரவ்' (மெதுவாக). 'தியோல்ஹ்' (நன்றி). நமக்கு 'நீ, நீங்கள்' இருப்பதுபோல அவர்களுக்கு 'டி, ஹி'. வயதில் மூத்தவர்களிடம் 'ஹி' என்றே தொடங்குங்கள். அவர்களே 'டி' போதும் என்று சொல்லும்வரை மாற வேண்டாம்.

6. இரவில் வீடு திரும்புவது

புதிதாக வந்தவர்கள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மொழி காரணம் இல்லை, பஸ்தான் காரணம். கூட்டம் ஏழு அல்லது ஏழரைக்குத் தொடங்கும், முடிய ஒன்பதைத் தாண்டும். டி1 (T1) என்ற பஸ் அபெரிஸ்ட்வித்துக்கும் கார்மார்தனுக்கும் நடுவே ஓடுகிறது. டி2 (T2) பங்கோருக்கும் அபெரிஸ்ட்வித்துக்கும் நடுவே. இந்த மாதிரி நீண்ட தூரப் பஸ்கள் பெரிய ஊர்களை இணைக்கும், சரி. உள்ளே தள்ளி இருக்கும் கிராமங்களுக்கு மாலைக்கு மேல் வண்டி கிடைப்பது கஷ்டம். அழைத்தால் வரும் 'ஃப்ளெக்ஸி' சின்னப் பஸ் சில வட்டாரங்களில் இருக்கிறது. அதன் கடைசி நேரத்தைப் பார்த்துவிட்டே நம்புங்கள். போகும்போது பஸ் இருக்கிறது என்பதால் வரும்போதும் இருக்கும் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள்.

நடந்து போகும் தூரத்தில் கிளை இருந்தால் அதில் சேருங்கள், பத்து மைல் தள்ளி இன்னும் கலகலப்பான கிளை இருந்தாலும் சரி.

இல்லையென்றால், யாராவது காரில் கூட்டிப்போக முடியுமா என்று செயலாளரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நம் ஆட்களுக்கு இது கூச்சமாக இருக்கும். அங்கே இது சாதாரணம். இரண்டு மூன்று பேர் ஒரே காரில் வருவதுதான் வழக்கம். பத்து நிமிஷம் முன்பே வாசலில் தயாராக நில்லுங்கள். பெட்ரோல் காசு நீட்டினால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். எப்போதாவது ஒரு பூச்செடியோ, வீட்டில் செய்த பலகாரமோ கொடுங்கள், போதும்.

சொந்தமாக ஓட்டுவதென்றால் கவனமாகப் படியுங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா உரிமத்தை வைத்து பிரிட்டனில் 12 மாதம் ஓட்டலாம். அந்தக் கணக்கு நீங்கள் அங்கே குடியேறிய நாளிலிருந்து ஓடும், கார் வாங்கிய நாளிலிருந்து இல்லை. 12 மாதம் முடிந்தால் அந்த உரிமம் அங்கே செல்லாது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் காப்பீடும் கைகொடுக்காது. இந்த மூன்று நாட்டு உரிமத்தையும் பிரிட்டிஷ் உரிமமாக நேரடியாக மாற்ற முடியாது. சிங்கப்பூர் உரிமம் மாற்றத்தக்க பட்டியலில் இருக்கிறது.

ஆகவே வந்த முதல் சில மாதங்களிலேயே பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். இணையத்தில் 34 பவுண்டு, தபாலில் 43. பாஸ்போர்ட் போன்ற அடையாள ஆவணமும், கடந்த மூன்று ஆண்டு முகவரிகளும், இருந்தால் தேசியக் காப்பீட்டு எண்ணும் எடுத்து வையுங்கள். ஊர் முகவரிகளைத் தேதியோடு நினைவுபடுத்தி எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது. எழுத்துத் தேர்வுக்கு 23 பவுண்டு. முன்பு அதைத் தமிழ்க் குரலில் கேட்டு எழுதலாம். 2014 ஏப்ரலில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும்தான். எழுத்துத் தேர்வில் தேறியது இரண்டு ஆண்டுக்குச் செல்லும். கார் ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு வார நாளில் 62 பவுண்டு, மாலையிலும் வார இறுதியிலும் 75. தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆவது சகஜம் என்பதால் எழுத்துத் தேர்வு முடிந்த அன்றே பதிந்துவிடுங்கள். கட்டணங்கள் மாறக்கூடியவை, கட்டும் முன் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகக் கறந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம். பழகும் காலத்தில் காரில் 'எல்' (L) பலகைக்குப் பதிலாக வேல்ஸுக்குள் 'டி' (D) பலகை ஒட்டலாம், வெல்ஷில் கற்பவர் என்பதன் முதலெழுத்து. எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் போனால் 'எல்' கட்டாயம். ஷ்ரூஸ்பரிக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் மறந்துவிடாதீர்கள்.

கிராமச் சாலை ஒரு வண்டிதான் போகும் அகலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம்வரை பின்னால் போகத் தெரிந்திருக்க வேண்டும். ஆடுகள் சாலையில் படுத்திருக்கும். 2023 செப்டம்பரிலிருந்து குடியிருப்புச் சாலைகளில் வேக வரம்பு பொதுவாக மணிக்கு 20 மைல். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று மிதித்தால் அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும்.

7. முதல் கூட்டம்

கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பவுண்டு நாணயங்களாக. அநேகமாக எல்லாக் கூட்டத்திலும் ராஃபிள் என்ற குலுக்கல் சீட்டு இருக்கும். பரிசுகளை உறுப்பினர்களே கொண்டுவருவார்கள்: சாக்லேட், சோப்பு, சின்னச் செடி, வீட்டில் செய்த ஜாம். வெஸ்ட்ரியில் கூட்டம் என்றால் ஒயின் பாட்டில் வேண்டாம். தேவாலய இடத்தில் மதுவை விரும்பாதவர்கள் இன்றும் உண்டு. முதல் தடவை ஒன்றும் கொண்டுபோகாவிட்டாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பல கிளைகளில் அமைப்பின் பாட்டோடு தொடங்கும். வாய் அசைத்தால் போதும். அப்புறம் வராதவர்களின் பெயர், போன கூட்டத்தின் குறிப்பு, உடம்பு சரியில்லாதவர்களுக்கு அனுப்பிய அட்டை. அடுத்து பேச்சாளர், முடிந்ததும் ஒருவர் எழுந்து முறையாக நன்றி சொல்வார். பிறகு தேநீர். கடைசியில் அறிவிப்புகள்.

அறிவிப்பு நேரத்தில் எல்லாரும் கோட் மாட்டிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இடம் மாறியது, நேரம் மாறியது, விருந்துக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் எல்லாம் அப்போதுதான் வாயால் சொல்லப்படும், அட்டையில் இருக்காது. புரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் தேதியை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தேநீர் முடிந்ததும் கோப்பை கழுவ எழுந்து போங்கள். நான் வெல்ஷ் பேசக் கற்றது மேஜையில் இல்லை, பாத்திரத் தொட்டி பக்கத்தில். கையில் துணி இருக்கும்போது இலக்கணத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

8. பணம்

ஆண்டுச் சந்தா ஒன்று, பெரும்பாலும் இலையுதிர்காலத்தின் முதல் கூட்டங்களில் வசூலிப்பார்கள். தொகையைச் செயலாளரிடமே கேளுங்கள். முதலில் ஒரு கூட்டத்துக்கு விருந்தினராக வந்து பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு அப்புறம் கட்டலாம்.

பொருளாளர் 'செக்' கேட்கக்கூடும். புதிதாக வந்தவர்கள் பலர் கைப்பேசிச் செயலி வங்கிகளில்தான் கணக்கு வைத்திருப்பார்கள், செக் புத்தகம் இருக்காது. கிளையின் வங்கி எண்ணைக் கேட்டு அனுப்புங்கள். அல்லது உறையில் பணம் வைத்து, மேலே பெயரும் தொகையும் எழுதிக் கொடுங்கள். பெயர் இல்லாத உறை யாருடையது என்று பிறகு தெரியாது.

சந்தாவைவிட விருந்துகளும் பஸ் சுற்றுலாவும்தான் செலவு வைக்கும். பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் வராவிட்டால் உணவகம் காசைத் திருப்பாது. அந்தச் சுமை கிளையின் தலையில் விழும்.

9. சாப்பாடு

சைவர்கள் வாய் திறந்து முன்னாலேயே சொல்லிவிடுங்கள். புனித டேவிட் நாளுக்குக் கொடுக்கும் 'கவ்ல்' பார்க்கக் காய்கறிச் சூப் மாதிரி இருக்கும். பெரும்பாலும் ஆட்டுக்கறி, சில வீடுகளில் மாட்டுக்கறி, பன்றிக்கறியும் போடுவார்கள். கல்லில் சுடும் வெல்ஷ் கேக்கில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு, வெண்ணெய் மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. கேளுங்கள். 'பரா ப்ரித்' என்ற உலர்பழ ரொட்டியில் முட்டையும் கொழுப்பும் இருக்கலாம், இதையும் கேளுங்கள். சைவம் என்பதற்கு 'ஹ்லஸ்யேஓல்'.

நீங்கள் முறுக்கு, தேங்காய் பர்பி கொண்டுபோனால் தட்டு காலியாகும். என்னென்ன போட்டது என்று ஒரு சீட்டு வையுங்கள், நிலக்கடலை, முந்திரி, எள் இருந்தால் கட்டாயம்.

10. கிளைக்கு வெளியே என்ன, எப்போது

அக்டோபர் 15 'ஷுமாய்' நாள். எல்லாரும் பேச்சை வெல்ஷில் தொடங்க வேண்டும் என்று வைத்த நாள். கற்பவர்களுக்கு அன்றைக்குக் கூச்சம் குறையும். நவம்பரில் அமைப்பின் வினாடி வினா ஒரே இரவில் பல வட்டாரங்களில் நடக்கும். அணிக்கு ஆள் வேண்டும் என்று உங்களைக் கூப்பிட்டால், தெரியாது என்று ஒதுங்காதீர்கள். ஜனவரி 25 காதலர்களின் புனிதரான த்வின்வென் நாள். மார்ச் 1 எல்லாவற்றிலும் பெரியது, மேற்சட்டையில் மஞ்சள் டாஃபடில் பூ குத்திக்கொள்வார்கள்.

ஜூலை கடைசியில் ஹ்லானெல்வெத்தில் ராயல் வெல்ஷ் வேளாண் கண்காட்சி, திங்கள் முதல் வியாழன்வரை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் தேசிய ஐஸ்டெத்வோட், வெல்ஷ் கலை இலக்கியப் பெருவிழா. அது ஆண்டுக்கொரு ஊரில் நடக்கும், ஆகவே தங்கும் இடத்துக்கு முந்தைய குளிர்காலத்திலேயே பாருங்கள். ஜூலையில் தேடினால் கூடாரம் போடக்கூட இடம் கிடைக்காது. பெரிய அரங்கில் ஆங்கில மொழிபெயர்ப்புக்குக் காதில் மாட்டும் கருவி இலவசமாகத் தருவார்கள். மைதானத்தில் கற்பவர்களுக்கெனத் தனி இடம் இருக்கும். புல்வெளி சேறாகும், புடவைக்கு ஆசைப்பட்டால் முட்டிவரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கட்டுங்கள்.

11. உங்களைப் பேசச் சொல்வார்கள்

சில மாதங்கள் தொடர்ந்து போனால், அடுத்த ஆண்டு அட்டைக்கு உங்கள் பெயரைக் கேட்பார்கள். அடுத்த ஆண்டுப் பேச்சாளர்களை வசந்தகாலத்திலேயே முடிவுசெய்யத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், மார்ச் வாக்கில் கேள்வி வரும் என்று எதிர்பாருங்கள். சரி என்று சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். பாதியை எழுதி வைத்து வெல்ஷில் படியுங்கள், வகுப்பு ஆசிரியரிடம் ஒருமுறை திருத்தி வாங்கிக்கொண்டால் தைரியம் வரும். படம் காட்டும் கருவி எல்லா மண்டபத்திலும் இருக்காது, மின்பிளக் சுவரின் மறுகோடியில் இருக்கும். கையில் எடுத்துக் காட்டும் பொருள்களாகக் கொண்டுபோங்கள்: புடவை, குத்துவிளக்கு, இட்லித் தட்டு, மசாலா டப்பா. இந்தியா முழுவதையும் சொல்ல முயலாமல் உங்கள் ஊரைச் சொல்லுங்கள், கேள்விகள் அதிலிருந்துதான் வரும். பேச்சாளருக்கு ஒரு சிறு தொகையை உறையில் தருவது சில கிளைகளில் வழக்கம். உங்கள் விசா வகையில் பணம் வாங்கிப் பேசலாமா என்பதை முன்னாலேயே பார்த்துவிடுங்கள்; சந்தேகம் இருந்தால் அந்த உறையை வாங்காமல் விட்டுவிடுங்கள்.